முன்னால் போகாத வண்டி

எங்கள் வீட்டில் மோட்டார் வண்டி இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. "உங்க வீட்லயா?" என்று என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். இருந்தது ஐயா. முதலியார்பேட்டையில், கீற்றுக் கொட்டகைக்குள், நான்கு சக்கரமும் இரண்டு பித்தளை விளக்குமாக மலை மாதிரி நின்றது. ஓடியதா என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் ஓய்வேன்.

என் வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பெரிய சண்டையின்போது, அதுதான் முதல் உலகப் போர், பிரான்சில் சாமான் லாரி ஓட்டினார். அதை 'கமியோன்' என்பார். யாராவது லாரி என்று சொன்னால் உடனே திருத்துவார். பக்கத்து இருக்கையில் எப்போதும் புதுச்சேரியை ஒட்டிய சாரம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பாராம். இங்கிருந்து ஒரே கப்பலில் போனவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் ரோட்டில் குண்டு விழுந்தது. சிநேகிதர் அந்த இடத்திலேயே போய்விட்டார். இவர் இடது காலை முழங்காலுக்குக் கீழே அங்கேயே விட்டுவிட்டுக் கட்டைக்காலோடு ஊர் வந்து சேர்ந்தார். அந்தக் கட்டைக்காலோடுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவருடைய பிடிவாதம்தான் என் உயிரை எடுத்தது.

அந்தக் காலத்தில் ஊருக்குள் போகவர புஷ்புஷ் வண்டிதான். நாம் ஏறி உட்கார்ந்தால் பின்னாலிருந்து ஒருத்தன் தள்ளுவான். வெள்ளைக்காரனும் அதில்தான் போவான், வக்கீலும் அதில்தான் போவார். இவர் மட்டும் மாட்டார். "மனுஷன் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளுவான், நான் மகாராஜா மாதிரி குந்திக்கிட்டுப் போவணுமா? வாணாம்" என்பார். சரி, பெரிய மனசு என்று நினைத்தேன். ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஒவ்வொரு நவம்பரிலும் சண்டை ஓய்ந்த நாளன்று கடற்கரையில் பழைய சொல்தாக்கள் கூடுவார்கள். மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், கொம்பு ஊதுவார்கள், செத்தவர்களுக்காகத் தலை குனிவார்கள். இவர் ஒரு வருஷம்கூடப் போனதில்லை. மெடலை எடுத்துத் துடைப்பார், திரும்பப் பெட்டியில் வைத்துவிடுவார். ஒருமுறை பொறுக்க முடியாமல், "புஷ்புஷ் வாணாம்னா மாட்டு வண்டியிலயாவது போயிட்டு வாங்களேன். மாடு கோவிச்சுக்குமா?" என்று கேட்டேன். வழக்கமாக என் வாய்க்குப் பதில் வாய் கொடுக்கிறவர் அன்றைக்கு மெடல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவன் பக்கத்துல உட்காந்திருந்தான், ஓட்டுனது நானு" என்றார். "அவன் முன்னாடி போயி நிக்கணும்னா நான் ஓட்டிக்கிட்டுப் போயித்தான் நிக்கணும். மூட்டை மாதிரி ஏத்திக்கிட்டுப் போயி எறக்கி வுட்டா அவன் என்னா நெனைப்பான்?"

செத்தவர் என்ன நினைப்பார் என்று நான் எங்கே போய்க் கேட்பது?

இந்த நிலையில்தான் வண்டி வந்தது. மில்லில் பெரிய வேலையில் இருந்த வெள்ளைக்கார முசியே ஒருவர் பிரான்சுக்கே திரும்பிப் போனார். அவர் பங்களாத் தோட்டத்தில் ஒரு பழைய கார், கோழி அடைக்கக்கூட லாயக்கில்லாமல் கிடந்தது. பெரிய சண்டைக்கு முன்னால் செய்த வண்டி. செய்த கம்பெனியையே மூடிவிட்டார்களாம். "நீ கமியோன் ஓட்டுனவன்தானே, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். எனக்கென்னவோ அந்த முசியே குப்பையை அள்ளிப் போடச் சோம்பல்பட்டுத்தான் தானம் செய்தார் என்று தோன்றியது. இரண்டு மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணுமே! எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிப் பூரிக்கவில்லை.

வண்டியில் எதெது இல்லை என்று சொல்வதைவிட என்ன இருந்தது என்று சொல்வது சுலபம். இரும்பு இருந்தது. மற்றதெல்லாம் எலி தின்றிருந்தது, கரையான் தின்றிருந்தது, கடல்காற்று தின்றிருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார். டயருக்கு மதராஸ் வரைக்கும் ஆள் சொல்லி அனுப்பி, யாரோ கழித்துப்போட்டதை வாங்கினார். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர்த் தொட்டி சல்லடையாக இருந்தது. அதை லாந்தர் விளக்கு பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து ஈயம் வைத்து அடைத்தார். இருக்கைக்குச் செருப்பு தைக்கிறவரிடம் தோல். மிதிகட்டையில் அவர் கட்டைக்கால் வழுக்காமல் இருக்க ரப்பர் துண்டு. விசையைக் கூட்டக் குறைக்க அந்தக் காலத்து வண்டியில் கையிலேயே ஒரு குச்சி இருந்ததால் ஒரு காலே போதும் என்றார். போதுமாம்! இரண்டு கால் உள்ளவர்களே சைக்கிளில் விழுந்து வாரிக்கொண்டிருந்த ஊர் அது.

கூடவே மில்லில் எந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் ஒருவர், எங்கள் தெருக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வந்துவிடுவார். அவர் வாயில் வருவது ஒரே வார்த்தைதான். "ஆவாதுண்ணே." டயர் பார்த்தபோது ஆவாது, தொட்டி பார்த்தபோது ஆவாது. ஆனாலும் வேலையை விடமாட்டார், காப்பியையும் விடமாட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து, எனக்கே நம்பமுடியவில்லை, ஒருநாள் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். கொட்டகைக் கீற்றெல்லாம் உதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் ஏறி உட்கார்ந்து, கட்டைக்காலால் மிதித்து, கியர்க் கட்டையைத் தள்ளினார். உள்ளே எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

கியர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வண்டியை முன்னால் தள்ளுகிற பல்சக்கரத்தில் பாதிப் பல் உடைந்து எண்ணெய்க்குள் கிடந்தது. அந்தச் சக்கரத்தை அவர் பிஞோன் என்பார். பின்னால் போவதற்கு வேறு தனிச் சக்கரம். அது மட்டும் புதுப் பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. பிட்டர் கட்டையை மாற்றிப் போட்டுப் பார்த்தார். வண்டி கொட்டகையை விட்டுப் பின்பக்கமாக அழகாக வெளியே வந்து தெருவில் நின்றது. திரும்ப உள்ளே போகத்தான் வழி இல்லை. நாலு பேர் தள்ளி உள்ளே விட்டார்கள்.

"முன்னாடி போவறதுக்கு இந்த பிஞோன் கெடைச்சாத்தாண்ணே. அது ஆவாது" என்றார் பிட்டர்.

"ஆவும்" என்றார் இவர்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். ஊரில் மோட்டார் சாமான் விற்ற கடைக்காரர்கள் உடைந்த சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கை விரித்தார்கள். "மியூசியத்துல கேட்டுப் பாருங்க" என்று ஒருத்தன் கிண்டல் செய்தானாம். இவர் அதையும் என்னிடம் வந்து சொல்லிவிட்டு, "சிரிக்காதே" என்றார். எனக்கு எங்கே சிரிப்பு வந்தது?

கடலூரில் ஒரு கடைசல் பட்டறைக்காரர் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு, பிட்டர் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனார். கடலூர் இங்கிலீஷ்காரன் ஊர். எல்லையில் இருந்த சுங்கக்காரன் போகும்போது என்ன இது என்று கேட்டான், வரும்போதும் என்ன இது என்று கேட்டான். ஒரு துண்டு இரும்பு இரண்டு ராஜ்யத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் நன்றாகத்தான் செய்து கொடுத்தார். ஆனால் அவரிடம் இருந்ததெல்லாம் அங்குலக் கணக்கில் பல் வெட்டுகிற கத்தி. எங்கள் வண்டி மில்லிமீட்டரில் பிறந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தது, மாட்டினால் பல்லோடு பல் சேரவில்லை. சிரமப்பட்டுச் செய்தவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

அப்புறம் நோணாங்குப்பத்தில் இதே மாதிரி வண்டி ஒன்று இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இவர் அந்த ராத்திரி தூங்கவே இல்லை. மறுநாள் மாட்டு வண்டி பிடித்து நானும் கூடப் போனேன். படகுத்துறையில் விசாரித்தால், ஆமாம் இருந்துச்சு, வெள்ளைக்காரர் ஒருத்தர் விட்டுட்டுப் போனது, பிரிச்சு ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டோம் என்றார்கள். கியர்ப் பெட்டி எங்கே என்று கேட்டோம். ஒரு படகுக்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். தண்ணீருக்கடியிலிருந்து சேறு வழிய வந்து நின்றது. நங்கூரமாகப் போட்டிருந்தார்கள்!

"நல்லா புடிக்குதுங்க. வெள்ளத்துலகூட படகு நகராது" என்று எங்களுக்கே அதன் பெருமையைச் சொன்னார் அந்த மனிதர்.

இவர் கரையில் உட்கார்ந்து அதைத் திறந்தார். உள்ளே சக்கரம் என்ற ஒன்று இருந்ததற்கு அடையாளமாகச் சிவப்புத் துரு இருந்தது, ஒரு நண்டும் இருந்தது. நண்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். பெட்டியைத் திரும்ப மூடிக் கயிற்றைப் படகுக்காரரிடமே கொடுத்து, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். திரும்பி வருகிற வழியில், "போதுங்க, வுட்ருங்க" என்று நான்தான் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடைசியாகப் போக்கிடம் ஒன்று உண்டு, கடல் தாண்டிப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோன். வீட்டுக்கு ஒருத்தராவது அங்கே இருப்பார்கள். என் தம்பி அங்கே ஜெயில் வார்டராக இருந்தான். எழுதிக் கேட்டோம். அங்கே பிரெஞ்சு வண்டிகள் நிறைய, பட்டறைகளும் நிறைய, மில்லிமீட்டர் கத்தியும் இருக்கிறது, ஆனால் மாதிரி இல்லாமல் எவனும் செய்யமாட்டான், சக்கரத்தையே அனுப்பு அக்கா என்று பதில் வந்தது. உடைந்தது பாதிப் பல்தானே, மீதி பாதி அப்படியே இருந்ததே, அதைப் பார்த்து முழுசாகச் செய்துவிடலாம். பிட்டர்கூட முதல் தடவையாக 'ஆவாது' என்று சொல்லாமல் தலையைச் சொறிந்தார்.

சைகோனுக்குச் சாமான் அனுப்புவதென்றால் எங்கள் ஊரில் அதற்கொரு வழக்கம். கப்பல் ஏறுகிறவர் எவரோ அவர் கையில் தெருவே கொண்டுவந்து திணிக்கும். அப்பளம், வடகம், உப்புக்கண்டம், எல்லாவற்றுக்கும் மேலாகப் புளி. அங்கே கிடைக்கிற புளியில் நம் குழம்பு வராதாம். எங்கள் அடுத்த வீட்டுப் பெண் சைகோனில் இருந்த புருஷனோடு இருக்கப் புறப்பட்டாள். அவள் கையில் சக்கரத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். இவர் அதற்கு எண்ணெய் தடவி, குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போடுகிற மாதிரித் துடைத்துக் கொடுத்தார். கரையிலிருந்து ஆள் ஏற்றிப் போகிற சலங்குப் படகு அலைக்கு மேலே ஏறி இறங்கி, தூரத்தில் நின்ற கப்பலைத் தொடுகிறவரை தெருமுனையில் நின்று எங்கே பார்க்க முடியும்? ஆனாலும் அன்று பூராவும் வாசலில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக்கணக்கில் காத்திருந்தோம். தம்பி அந்தச் சமயம் வேறு தூரத்து ஜெயிலுக்குப் போயிருந்தானாம், சாமான் அந்தப் பெண் வீட்டிலேயே கிடந்ததாம். ஒருவழியாக ஒருநாள் வந்து சேர்ந்தது. புதுச் சக்கரம், வெள்ளி மாதிரி. கூடவே பழைய மாதிரியையும் திருப்பி அனுப்பியிருந்தான். பிட்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. தெருவில் பாதிப் பேர் எங்கள் கொட்டகையில். நான் பாயசம்கூட வைத்துவிட்டேன். புத்தி கெட்டவள்!

மாட்டினார்கள். கிளப்பினார்கள். கட்டையைத் தள்ளினார். வண்டி முன்னால் ஒரு எட்டு எகிறியது. கொட்டகையில் இருந்தவர்கள் கத்தினார்கள், நானும் கத்தினேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பழைய சத்தம் வந்தது, எலும்பு நொறுங்குகிற சத்தம். பெட்டியைத் திறந்தால் புதுச் சக்கரம் வழுக்கிக் கடித்து, அதனோடு சேர வேண்டிய பெரிய சக்கரத்தின் பல்லையும் சேர்த்து உடைத்துவிட்டிருந்தது. ஒரு சக்கரத்தைத் தேடிய காலம் போய் இப்போது இரண்டு. பின்னால் போகிற சக்கரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"பல்லு மெலிசா வெட்டியிருக்காங்கண்ணே. ஏன் இப்பிடி வெட்டுனாங்க?" என்று பிட்டர் விழித்தார். பழைய மாதிரியை எடுத்துப் பார்த்தார். அதிலும் மீதியிருந்த பல்லெல்லாம் மெலிந்து, சொரசொரவென்று அரித்துப் போயிருந்தது. நாங்கள் அனுப்பியபோது அப்படி இல்லை. இவர் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார். நான் வாங்கிப் பார்த்தேன். எண்ணெய் வாசனை இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். என் அடுப்படி வாசனை.

புளி!

நேரே அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சக்கரத்த எதுலடி வெச்சு அனுப்பினீங்க?" என்று கேட்டேன்.

"பானையிலதான், புளிக்கு நடுவுல" என்றாள், ஒன்றும் நடக்காதது மாதிரி. "இரும்பா கனமா இருக்குதே, துப்பாக்கிச் சாமான்னு சைகோன்ல புடிச்சி வெச்சிட்டா என் பொண்ணு என்னாவறது? எண்ணெ புளியில ஒட்டுமேன்னு அத நல்லா கழுவித் தொடைச்சித்தான் வெச்சோம். புளி கெடாம இருக்க உப்பும் போட்டோம். அதுல என்னாக்கா தப்பு?"

"ஏன்டி, வாராவாரம் பித்தளைக் கொடத்தப் புளி போட்டுத் தேய்க்கிறியே, எதுக்குத் தேய்க்கிறே? அழுக்க அது திங்குதுன்னுதானே? கொடத்துல ஒரு நிமிஷம் வெச்சாலே அந்த வேலை செய்யுற புளியில, உப்பையும் கொட்டி, மாசக்கணக்குல இரும்ப ஊறப் போட்டிருக்கீங்களே, உங்களுக்கு அறிவு இருக்குதா?" தெரு கூடிவிட்டது. நான் நிறுத்தவில்லை. அவளுடைய குழம்பு, அவளுடைய முறம், அவளுடைய மாப்பிள்ளை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். அவள் பெண்ணைக் காப்பாற்றத்தானே அப்படிச் செய்தாள், அவளைச் சொல்லி என்ன பிரயோசனம்? சைகோன் பட்டறைக்காரனும் குற்றம் செய்யவில்லை, கொடுத்த மாதிரியை அப்படியே பார்த்துச் செய்திருந்தான். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

இனிமேல் மாதிரியும் கிடையாது, அதோடு சேர்கிற சக்கரமும் கிடையாது. தம்பியையும் சைகோனை விட்டுத் தூரத்தில், வடக்கே டோங்கின் பக்கம் மாற்றிவிட்டார்கள். "ஆவாதுண்ணே" என்றார் பிட்டர். இந்த முறை இவர் 'ஆவும்' என்று சொல்லவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்தினார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிட்டர் வந்து சும்மா உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார்.

முப்பதுகளின் கடைசியில் கடற்கரையில் கல்லால் பெரிதாக ஒரு நினைவுச் சின்னம் எழும்பியது. பெரிய சண்டையில் இறந்துபோன நம் ஊர்க்காரர்களுக்காக. அதில் அவர்களுடைய பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள் என்று பிட்டர் வந்து சொன்னார். வரப்போகிற நவம்பரில் சொல்தாக்கள் அதன் முன்னால்தான் கூடப்போகிறார்களாம். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானம் கொட்டகைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா பண்றீங்க?"

"பின்னாடி ஓடுதில்ல? பின்னாடியே போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஊரே கைகொட்டிச் சிரிக்குமே! இம்மாந் தூரம் பின்னாடியே எவனாவது ஓட்டுவானா?"

"சிரிக்கட்டும். ஓட்டுறது நான்தானே."

நான் ஓடிப்போய்ப் பிட்டரைக் கூட்டி வந்தேன். பிட்டரும் 'ஆவாது' என்று ஆரம்பித்தவர், இவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த நவம்பர்க் காலை தூறலாக இருந்தது. சட்டை போட்டு, மெடல் குத்தி, பட்டாளத் தொப்பி வைத்தார். பிட்டர் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினார். நான் பின் இருக்கையில் மண்டி போட்டு, பின்பக்கம் பார்த்தபடி வழி சொன்னேன். "இடது... இன்னும் இடது... ஐயோ, மாடு... நில்லுங்க... இப்ப வாங்க..." பிட்டர் பக்கத்திலேயே நடந்து வந்தார், நடக்கிறவனைவிட வண்டி வேகம் இல்லை. முதலியார்பேட்டையே வாசலுக்கு வந்துவிட்டது. சிரித்தார்கள்தான். ஒருத்தன், "மாமா, வீட்டுக்குத் திரும்பிப் போறீங்களா?" என்று கேட்டான். நான் கொடுத்த பதிலை இங்கே சொல்ல முடியாது. அவரோ கழுத்தை ஒடித்துத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்வையும் தூறலும் வழிய ஓட்டினார். அழகாக ஓட்டினார். உப்பாற்றுப் பாலத்தை ஒரு கோணல் இல்லாமல் தாண்டினபோது எனக்கு மார்பு விம்மியது. போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று அந்த நேரத்தில் நான் நிஜமாகவே நம்பினேன்.

ரயிலடிக்குப் பக்கத்தில் வந்தோம். முன்பக்கமிருந்து புகை மாதிரி ஆவி எழும்பியது. விளக்குக்காரர் வைத்த ஈயம் விட்டுப்போய், தொட்டித் தண்ணீர் ரோட்டில் கொதித்து ஓடியது. எஞ்சின் ரெண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது. பிட்டர் மூடியைத் திறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். இந்த முறை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

விழுப்புரம் ரயிலுக்காகப் புஷ்புஷ்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். "ஐயா, ஏறி குந்துங்க, நாங்க இட்டுனு போறோம். கொம்பு ஊதறதுக்குள்ள போயிடலாம். காசு வாணாம்" என்றார் ஒருவர். நான் அவரைப் பார்த்தேன். "போங்களேன். இவ்வளவு தூரம் வந்துட்டோம். எனக்காகப் போங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். "வண்டியாவது தள்ளறோங்க" என்றார்கள். "வாணாம்பா" என்றார். கையை ஸ்டியரிங் சக்கரத்தில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயம் கடற்கரைப் பக்கமிருந்து கொம்புச் சத்தம் வந்தது. வாடைக்காற்று அதை அப்படியே கொண்டுவந்து கொடுத்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். பின்பக்கமாக வந்தோம் இல்லையா, அதனால் கடல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அவர் முகம் முதலியார்பேட்டையைப் பார்த்து இருந்தது. திரும்பி உட்கார அந்தக் கட்டைக்காலோடு இடம் போதவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கொம்பு நிற்கிறவரைக்கும் புஷ்புஷ்காரர்களும் ஆடாமல் நின்றார்கள். எனக்குக் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட நான் கையை எடுக்கவில்லை.

அப்புறம் அவரே சொன்னார். "வூட்டுக்குத் தள்ளுங்கப்பா."

மனிதன் தள்ளி நான் போவேனா என்றவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. தள்ளினார்கள். வண்டி வீட்டைப் பார்த்துத்தானே நின்றது, திருப்பவே தேவையில்லாமல் நேராக உருண்டது. எங்களிடம் வந்த இத்தனை வருஷத்தில் அந்த வண்டி ரோட்டில் முன்பக்கமாகப் போனது அன்று ஒருநாள்தான். வழியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் மட்டும் நடந்து கடற்கரைக்குப் போனேன். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு எழுத்துப் படித்தவள்தான் நான். ஈரம் காயாத மாலைகளை நகர்த்தி ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தேன். சாரத்துக்காரர் பெயர் இருந்தது. திரும்பி வந்து வாசலில் நுழையும்போதே, "இருக்குதுங்க. நல்லா தெளிவா வெட்டியிருக்காங்க" என்றேன்.

அவர், "பக்கத்துல யாரு பேரு?" என்று கேட்டார்.

"யாரோ. நமக்குத் தெரியாத பேரு."

"அது என் எடம்" என்றார்.

நான் சோறு போட்டு வைத்தேன். அன்று அவர் சாப்பிடவில்லை.